ஒன்பதாம் கேள்வி: சோபா

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை, ஒட்டுக் கேட்டேன்.

நகல் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண் நின்றிருந்தாள். ஒரு கையில் வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம். இன்னொரு கையில் கைப்பேசி. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பேசியதில் என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "அம்மா, தயவுசெஞ்சு அந்த சோபாவ மொதல்ல திருப்பிக் குடு."

காசைக் கொடுத்துவிட்டு ஓடிப்போனாள். யாருடைய சோபா? அதற்கும் வருமானச் சான்றுக்கும் என்ன சம்பந்தம்? பின்னாலேயே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் எழுதுகிறவர்களுக்கு அந்த நல்ல பழக்கம் கிடையாது. தெரியாததை வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டுவதுதான் எங்களுக்குக் கைவந்த வேலை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வறுமை அந்த வீட்டின் கதவைத் தட்டியபோது, அவள்—"

அடித்தாயிற்று. வறுமை எங்கே கதவைத் தட்டுகிறது? வாடகை கேட்டு வீட்டுக்காரர்தான் தட்டுவார்.

இரண்டாம் முயற்சி: "அவளுடைய விழிகளில் தேங்கியிருந்த ஏக்கம்—"

இதுவும் போகட்டும். நான் பார்த்த விழிகளில் இருந்தது சுத்தமான எரிச்சல்.

மூன்றாவது, சுமாராக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்வோம்:

பெரியவள் கல்லூரியில் புள்ளியியல் முதலாண்டு முடித்திருந்தாள். வீட்டின் மூத்த மகள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நாளெல்லாம் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். அப்பா சுவருக்கு வண்ணம் பூசுகிறவர். ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் போனதிலிருந்து, பூசிய சுவர்களைப் பற்றிப் பேசுகிறவர். கல்லூரிக் கட்டணம் முழுக்க உதவித்தொகையில் ஓடியது. அது நின்றால் படிப்பும் நிற்கும். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

உதவித்தொகையை வாங்குவது ஒரு பாடு என்றால், கையைவிட்டுப் போகாமல் வைத்திருப்பது ஒன்பது பாடு. வருகைப் பதிவு குறையக் கூடாது. மதிப்பெண் இறங்கக் கூடாது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பெரியவளின் கைப்பேசியில் ஐந்து அலாரங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூடக் காலையில் எழுந்திருப்பதற்கு அல்ல. எல்லாம் கடைசித் தேதிகள்.

(இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வரைவில் இந்த வீட்டில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. நீங்கள் இரக்கப்பட வேண்டுமே என்று இரண்டாம் வரைவில் தூக்கிவிட்டேன். பிறகு வெட்கமாகிவிட்டது. தொலைக்காட்சி திரும்ப வந்துவிட்டது, பழைய இடத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான்.)

3

இந்த வருடம் புதிதாக ஒரு நிபந்தனை சேர்ந்திருந்தது: உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார். வியாழக்கிழமை, பதினொரு மணி. பெரியவள் இதை அம்மாவிடம் மூன்று முறை சொன்னாள். அம்மாவும் மூன்று முறை தலையாட்டினாள்.

வியாழக்கிழமை காலை நகல் எடுக்கப் போன இடத்தில்தான் அம்மாவின் அழைப்பு வந்தது. சந்தோஷமான குரலில் ஒரு செய்தி சொன்னாள். அதற்குப் பெரியவள் சொன்ன பதில்தான் என் காதில் விழுந்தது.

மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தால், அடையாளமே தெரியவில்லை. வழவழவென்று மூன்று பேர் உட்காரும் சோபா. சன்னலுக்குப் புதுத் திரை. மேசையில் பொன் விளிம்பு வைத்த கோப்பைகள், சாசரோடு.

"அம்மா! இதெல்லாம் என்ன?"

"எல்லாம் எதிர்வீட்டு அக்காவோடது. அவங்க நாத்தனாரும் ஒரு கை பிடிச்சாங்க. ரெண்டு மணிக்குத் திருப்பிக் குடுத்தாப் போதுமாம். எப்படி இருக்கு?"

"நாம கஷ்டப்படுறோமான்னு பாக்கத்தாம்மா அவரு வர்றாரு!"

"நல்லாப் பாக்கட்டும். அதுக்காக வீடு தேடி வந்தவரைத் தரையிலயா உக்கார வைக்கிறது?"

"அவரு தரையில உக்காந்தாத்தான் எனக்குப் பணம் வரும்!"

"நல்லாயிருக்குடி நீ படிச்ச படிப்பு."

"நானும் சொல்லிப் பாத்தேன்," என்றார் அப்பா. சொல்லிப் பார்த்தவர் சோபாவில் முழங்காலை நீட்டி, மெத்தையில் பாதி புதைந்திருந்தார்.

4

இந்த இடத்தில் எனக்கே அம்மாவின் மீது சந்தேகம் வந்தது. இப்படி ஒருத்தி இருப்பாளா? கதையை வாசித்துக் காட்டியபோது என் தம்பியும் அதையே கேட்டான். "காசு வேணும்னா எந்த அம்மாவும் கொஞ்சம் நடிப்பாங்கண்ணே."

சரி, நடிக்க வைப்போம் என்று ஒரு வரைவு எழுதினேன். அதில் அம்மா கிழிந்த உடுப்பை மாட்டிக்கொண்டு, நல்ல பாத்திரங்களை ஒளித்துவைத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். நின்றாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. எத்தனை வசனம் எழுதிக் கொடுத்தாலும் பேச மாட்டேன் என்றாள். கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். சோபாவை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன், உடனே பேச ஆரம்பித்துவிட்டாள்.

5

மணி பத்து ஐம்பது. பெரியவள் சோபாவிலிருந்து அப்பாவைக் கிளப்பிவிட்டு, ஒரு முனையைப் பிடித்துத் தள்ளினாள். வாசல்வரை வந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே என்று கதவு நிலையில் சிக்கி நின்றது.

அப்போது வெளியே படியேறி வந்தார் கோப்புக்காரர். (அலுவலகத்திலிருந்து வந்தவருக்கு நான் வைத்த பெயர். அக்குளில் கோப்பு, சட்டைப்பையில் இரண்டு பேனா, நல்ல மனிதர்.) சோபாவைப் பார்த்தார், தள்ளாடும் பெண்ணைப் பார்த்தார்.

"புது சோபாவா? இருங்க, தனியாத் தள்ளாதீங்க."

கோப்பைக் கீழே வைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒரே தள்ளு. சோபா உள்ளே போய்ப் பழைய இடத்தில் நின்றது. பெரியவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"வாங்க, வாங்க, உக்காருங்க," என்றாள் அம்மா, முகமெல்லாம் மலர்ந்து.

அவர் உட்கார்ந்தார். தேநீர் வந்தது. படிவத்தை விரித்துக் கேட்டுக்கொண்டே போனார். குளிர்சாதனப்பெட்டி? இல்லை. வாகனம்? இல்லை. தொலைக்காட்சி? உண்டு. (பார்த்தீர்களா, அப்போதே தூக்கியிருக்க வேண்டும்.)

"ஒன்பதாம் கேள்வி. சோபா." தான் உட்கார்ந்திருந்ததைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். "உங்களுதுதானே?"

இரவல் என்று சொன்னால் விருந்தாளி முன்னால் அம்மா தலைகுனிய வேண்டும். வாயை மூடிக்கொண்டால் இரண்டாம் ஆண்டு போய்விடும். அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே பெரியவளுக்குத் தைரியம் இல்லை.

இங்கே எனக்கு மூன்று வழி இருந்தது.

(அ) எதிர்வீட்டு அக்கா உள்ளே ஓடிவந்து "என் சோபா!" என்று கத்துகிறாள். எல்லோரும் சிரிக்க, கோப்புக்காரர்— வேண்டாம், நாடகம்.

(ஆ) கோப்புக்காரரும் ஏழை வீட்டுப் பிள்ளைதான், அவருக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது, கண் கலங்க— அவருக்குச் சளி என்று வேண்டுமானால் எழுதலாம்.

(இ) பெரியவள் பொய் சொல்கிறாள். என்ன பொய் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அம்மா முந்திக்கொண்டாள்.

"எங்களுது இல்லைங்க," என்றாள், சர்க்கரை போதுமா என்று கேட்கிற அதே குரலில். "எதிர்வீட்டுலேருந்து கேட்டு வாங்கிட்டு வந்தோம். நீங்க வர்றீங்கன்னு பொண்ணு சொன்னா. கோப்பையும் அவங்களுதுதான். ஒடைச்சுடாதீங்க."

அந்தக் குரலில் வெட்கம் மருந்துக்குக்கூட இல்லை. அம்மாவுக்கு இதில் தலைகுனிய எதுவுமே இல்லை, இருந்த வெட்கமெல்லாம் தன்னுடையதுதான் என்று பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

கோப்புக்காரர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"அய்யோ, எந்திரிக்காதீங்க. ரெண்டு மணி வரைக்கும் நம்மளுதுதான்."

அவர் மறுபடியும் உட்கார்ந்தார், இந்தமுறை விளிம்பில். படிவத்தைப் பார்த்தார். உண்டு என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். பக்கத்தில் ஒரு சொல் எழுதக்கூட இடமில்லை.

"கண்ணால பாத்ததைத்தான் குறிக்கணும்னு விதிம்மா," என்றார் மெதுவாக. "நான் பாத்தது மட்டும் இல்ல, உக்காந்தே இருக்கேன்."

"ஆமா," என்றாள் அம்மா. "உங்களுக்காகத்தானே போட்டோம்."

6

இதற்குமேல் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நகல் கடைப் பக்கம் நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டேன், அந்தப் பெண்ணைக் காணோம்.

படிவத்தை நானே நிரப்பப் பார்த்தேன். முடியவில்லை. 'இல்லை' என்று குறித்தால் விதியை ஏமாற்றியது போலிருக்கிறது. 'உண்டு' என்று குறிக்கக் கை வரவில்லை. அதனால் உங்களிடம் நீட்டுகிறேன். எனக்கென்ன என்று நீங்கள் நழுவ முடியாது. இந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று என்னோடு உள்ளே வந்து நோட்டம் விட்டவர் நீங்களும்தான். நீங்கள் வருவீர்கள் என்று தெரிந்திருந்தால் அம்மா இன்னும் ஒரு நாற்காலி கேட்டு வாங்கியிருப்பாள்.

வாசலோரம் ஒரு பெண் நகங்களைக் கடித்துக்கொண்டு உங்கள் கையையே பார்க்கிறாள்.

9. சோபா: உண்டு ☐ இல்லை ☐