குழாயில் காற்று

...தெருப்பக்கம், தெருப்பக்கம்தானே அது போக வேண்டும், கதவிலிருந்து கேட் வரைக்கும் பதினாறு அடிப் பாதையையும் சரிவாகத்தானே வைத்தது, பிறகு எதற்கு கான்கிரீட்டின் மேல் ஊறி வந்த தண்ணீர் சத்தமே இல்லாமல் வீட்டுப் பக்கம் நகர்கிறது... கண்ணில் வியர்வை விழுந்திருக்கும் என்று துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், பூச்சுக் கரணையை வைத்துவிட்டுக் கன்னம் தரையில் ஒட்டாத குறையாகக் குனிந்து பார்த்தார், நகர்கிறது, கதவுப் படியோரம் ஒரு விரல் அகலத்துக்குத் தேங்கியும் விட்டது. முப்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக், மாடித் தரைக்கும் லிஃப்ட் தரைக்கும் நடுவில் ஒரு நூல் வித்தியாசம் இருந்தால்கூட இறங்குகிறவன் தடுக்கி விழுவான் என்று கையெழுத்துப் போட மறுக்கிற ஆள், ஒரு கொத்தனாரக் கூப்பிட்டுக்கலாமே மாமா என்று மைத்துனன் வாயைத் திறந்தபோது, எனக்கா மட்டம் பாக்கத் தெரியாது என்று சிரித்த சிரிப்பு என்ன, இப்போது மூக்குடைந்து மண்ணில் மண்டியிட்டிருப்பது என்ன. மைத்துனன் கலவை மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறான், அந்த மட்டுக்கும் நல்லது, அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம். முதலில் கொட்டியது கேட் பக்கம், அங்கேதான் குறைந்தது இரண்டு அங்குலமாவது வழித்து எடுக்க வேண்டும், அங்கேதான் இறுகவும் ஆரம்பித்திருக்கும், இன்னும் முக்கால் மணி நேரம் கை கொடுக்குமா, அதற்கப்புறம் உளியும் சுத்தியலும்தான்.

எங்கே தப்பியது, ஓரத்தில் அடித்த பலகை நகர்ந்ததா, இல்லை, முளைக்குச்சி எல்லாம் அப்படியே நிற்கிறது, கோடு போட்டதே தப்பு, கோடு போட்டது நேற்று, மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை அவர் கேட்டில் பிடிக்க, மறுமுனையைக் கதவு நிலையில் பிடித்தது மனைவி, நாற்காலியில் உட்கார்ந்து, நான்கு கால் ஊன்றுகோலைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. ஏங்க, நடுவுல காத்து நிக்குதுங்க என்றாள்... என்றாளா, ஆமாம், என்றாள், காதில் விழுந்தது, விழாமல் என்ன, நீ ஆடாம புடி, அது போதும் என்று சொன்னாரே. திட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார், சிரித்துக்கொண்டு சொன்னால் காற்று போய்விடுமா? குழாயில் காற்று நின்றால் இரண்டு முனைத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்காது, பொய் சொல்லும், இது அவருக்குத் தெரியாதா, வேலைக்கு வருகிற பொடியன்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

குளியலறையிலும் இதேதான், தண்ணி மூலையிலயே நிக்குதுங்க, ஓட மாட்டேங்குது என்று எத்தனை மாதம் சொன்னாள், பல் தேய்க்கும்போது சொன்னாள், சாப்பாடு போடும்போது சொன்னாள், போனில் கூப்பிட்டுச் சொன்னாள், அவரும் பாக்கலாம் பாக்கலாம் என்றார், ஊர் லிஃப்டையெல்லாம் ஓடி ஓடிப் பார்த்தவருக்கு வீட்டுக்குள் ஒரு மூலையைப் பார்க்க நேரமில்லை, பிறகு ஒரு காலையில் தொப்பென்று அந்தச் சத்தம்... இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு எப்படி விழுந்தீங்க என்று கேட்டார்கள், கால் வழுக்கிருச்சு என்று மட்டும் சொன்னாள், அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை, அன்றைக்கு அவள் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் அவருக்கு இன்னும் நன்றாகத் தூக்கம் வந்திருக்கும். அதற்காகத்தானே இது, கார் கதவுவரை வந்து நிற்க வேண்டும், திங்கட்கிழமை நடைப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கேட்வரை அவள் மேடு பள்ளத்தில் தட்டுத் தடுமாறக் கூடாது, சொந்தக் கையால் செய்து கொடுக்க வேண்டும், மன்னிப்பு என்று வாயால் கேட்க வராத மனிதர் வேறு என்னதான் செய்வார். செய்த லட்சணம் இது. ஒரு மழை பெய்தால் இந்தப் பாதை முழுக்க விழுகிற தண்ணீர் நேராகக் கூடத்துக்குள் போகும், வழவழவென்ற தரை, அதில் அவளுடைய ஊன்றுகோலின் நான்கு ரப்பர் கால்கள்... வானத்தைப் பார்த்தார், மேற்கே கறுத்துக்கொண்டுதான் வந்தது.

வழிக்க வேண்டியதுதான், ஆனால் எவ்வளவு வழிப்பது, மறுபடி மட்டம் பார்க்காமல் கை வைத்தால் இதுவும் அதே கதைதான், குழாயின் மறுமுனையை யார் பிடிப்பார்கள், அவள்தான், வேறு யார். பலகையோரமாக நடந்து கதவருகில் போய், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நிலைப்படிக்கு உள்ளே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பழைய நீலத் துண்டு ஒன்றை இறுக்கமாகச் சுருட்டி அணை மாதிரி போட்டிருந்தது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் சிமென்ட் தூசி மெல்லிசாகப் படிந்திருந்தது, தூசி பறந்தது காலையில் மெஷின் ஓடும்போது, அப்படியானால் அதற்கும் முன்னாலேயே, அவர் முதல் சட்டியைக் கொட்டுவதற்கும் முன்னாலேயே...

"இத எப்ப போட்ட?"

"காலையிலயே." அவள் நாற்காலியிலிருந்து அசையவில்லை. "சும்மாதாங்க, ஒரு இதுக்கு."

"சொல்லிருக்கலாமில்ல?"

"சொன்னேனே, நேத்து."

சொன்னாள், ஒரே ஒரு தடவை, குளியலறைக்கு நூறு தடவை சொன்னவள் இதற்கு ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டு துண்டைச் சுருட்டப் போய்விட்டாள், அந்த இடுப்போடு எப்படிக் குனிந்தாள், நூறு எப்போது ஒன்று ஆனது, அந்த ஒன்றும் எப்போது இல்லாமல் போகும்... போய்க் குழாயை எடுத்தார், பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு, மெதுவாக, ஒரே சீராக நிரப்பினார், ஒரு முனையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கு ஓடினார். காலடியில் கான்கிரீட்டை விரலால் அழுத்தினார், விரல் பாதிதான் இறங்கியது.

"காத்து இருக்கா, பாரு."

அவள் குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கி தன் முனையிலிருந்து கேட் முனைவரை கண்ணை ஓட்டினாள். அவசரப்படுத்த நாக்கு நுனிவரை வந்ததை அவர் கடித்துக்கொண்டார், பொறு, பொறு, அவள் பார்க்கட்டும். பார்த்து முடித்துவிட்டு அவள் குழாயிலிருந்து கண்ணை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தாள், பதில் அங்கே எழுதியிருக்கிறதா என்று தேடுகிறவள் மாதிரி, அப்போதுதான் அவருக்கு உறைத்தது, இப்போது அவள் இல்லை என்று சொன்னால், அது குழாயைப் பார்த்துச் சொல்வதா, அவரைப் பார்த்துச் சொல்வதா, அவருக்கு எப்படித் தெரியும்?

"இல்லீங்க" என்றாள்.