வரிசையில் நின்றவர்கள்

அப்பாவின் வலது காலில் ஷூ ஏறவே இல்லை. மகள் குதிகாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள். முப்பது வருடம் மலையேறி அகன்றுபோன பாதம். நேற்று சாயங்காலமே உயிர் போய்விட்டது. பாதம் மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றது.

"விடுடி," என்றாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை. "என் கல்யாணத்துக்கே செருப்போட சர்ச்சுக்குள்ள வந்து நின்னவன். இப்ப மட்டும் நீ சொன்னா கேட்டுடுவானா?"

சொல்லிவிட்டு அத்தையே சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்துபோனது. தம்பியின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். மகள் ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, காலுறையை மட்டும் நேராக இழுத்துவிட்டாள்.

மிஷன் ஆபீஸ் பதிவில் அவர் மலைப்பகுதி ஊழியர். மலையில் அவருக்குக் கம்பளி ஐயா என்று பெயர். முதல் தடவை மேலே போனபோது வேதப்புத்தகத்தைப் பையை விட்டு எடுக்காமலே, பன்னிரண்டு கம்பளிகளைக் கொடுத்துவிட்டு இறங்கியவர். ஏன் என்று ஆபீஸில் கேட்டதற்கு, "குளிர்ல பல்லு அடிச்சுக்கிறவன் காதுல நான் சொல்றது எங்க விழப்போகுது?" என்றாராம்.

ஆறு வருடத்துக்கு முன் அவர் முழங்கால் விட்டுப்போனதும் அந்த வேலை மகளிடம் வந்தது. அப்பா ஒருநாளும் படம் எடுத்தவரில்லை. அவள் எடுத்தாள். நன்கொடை கொடுக்கிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றது ஆபீஸ். காட்டியதும் நிறையக் கொடுத்தார்கள். வீடுகளுக்குத் தகரக் கூரை வந்தது, பள்ளிக்கூடத்துக்கு அடுப்பு வந்தது, ஓடைக்கு மேல் பாலம் வந்தது. மலைக்காரர்கள் அவளைப் போட்டோக்காரம்மா என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

அப்பா தடுக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை. ஒரே ஒரு முறை மிஷன் பத்திரிகையின் அட்டையைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். கம்பளியை நெஞ்சோடு பிடித்தபடி, பல்லெல்லாம் தெரிய நிற்கிற கழுதைக்காரர். இருபது வருடம் அப்பாவோடு மூட்டை ஏற்றிக்கொண்டு நடந்தவர்.

"இவன் சிரிக்கிறவனே இல்லியேம்மா," என்றார் அப்பா.

அவ்வளவுதான். பத்திரிகையை மடித்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு மலையில் என்ன நடந்தது என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. என்றாவது பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு பேருமே இருந்துவிட்டார்கள்.

பத்து மணிக்கு மிஷன் செயலாளர் வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். முகம் கழுவி வந்த பிறகு, தயங்கித் தயங்கி, பையிலிருந்து ஆபீஸ் கேமராவை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. மலைக்காரங்க கிளம்பி வந்துட்டிருக்காங்க. ஒரே ஒரு படம். ஐயா பேரைச் சொல்லி மேல ஒரு மருந்தகம் கட்டிடலாம்."

"இன்னிக்கா சார்?"

"வேற என்னிக்கும்மா? போன குளிர்ல காய்ச்சல் வந்து ரெண்டு பிள்ளைங்க போச்சே. நீதானே அறிக்கை எழுதின?"

"அதையே இன்னும் நல்லா எழுதித் தரேன்."

"எழுத்தை யாரும்மா படிக்கிறாங்க? உறை மேல படம் இருந்தாத்தான் பிரிச்சே பாக்கிறாங்க."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதனால்தான் கழுத்தில் மாட்டிக்கொண்ட கேமரா கனத்தது.

"செத்தவனையும் வேலைக்கு அனுப்பணுமா உங்களுக்கு?" என்றாள் அத்தை.

"உயிரோட இருந்தா அவரே போயிருப்பாருக்கா."

"போயிருப்பான். மூட்டையச் சுமந்துகிட்டுப் போயிருப்பான். போஸ் குடுத்திருக்க மாட்டான்."

செயலாளர் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

உச்சி வெயிலில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். முப்பது பேர் இருக்கும். விடியற்காலைக் குளிரில் புறப்பட்டதால் ஒவ்வொருவர் தோளிலும் கம்பளி. தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. மகள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். கேமரா கழுத்தில் தொங்குவதையே அவள் மறந்துவிட்டாள்.

அவர்கள் அதைப் பார்த்தார்கள். அழுகை நின்றது.

யாரும் சொல்லாமலே குழந்தைகள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் நடுவில், ஆண்கள் பின்னால். உயரப்படி மாறி நின்றுகொண்டார்கள். கம்பளிகளைத் தோளிலிருந்து எடுத்து, மிஷன் முத்திரை வெளியே தெரியும்படி நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

முத்திரை தெரியணும். அழுமூஞ்சியா நிக்காதீங்க, குடுத்தவங்க மனசு நோகும். எடுத்தாச்சுன்னு நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தது. ஆறு வருடமாக.

பின்வரிசையின் நடுவில் கழுதைக்காரர். பல்லெல்லாம் தெரிந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கி வாயோரத்தில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் கம்பளி இருந்ததால் துடைக்க வழியில்லை.

"வேண்டாம்," என்றாள் மகள். அது அவளுக்கே கேட்கவில்லை. கையை மட்டும் வீசினாள், வேண்டாம், வேண்டாம் என்று.

நெருங்கி நிற்கச் சொல்கிறாள் என்று நினைத்து அவர்கள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டார்கள். இன்னும் அகலமாகச் சிரித்தார்கள்.

"எடும்மா," என்றார் பின்னாலிருந்து செயலாளர், மெதுவாக.

அவள் கேமராவைத் தொடவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "எடுத்தாச்சு," என்றாள்.

செயலாளர் எட்டிப் பார்த்தார். கேமராவின் மூடி திறக்கப்படவே இல்லை. என்னவோ சொல்ல வாயெடுத்தவர், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே, "அறிக்கையைத் திங்கக்கிழமைக்குள்ள குடு. நல்லா எழுது," என்றார்.

வரிசையில் சிரிப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. கழுதைக்காரர் கம்பளியால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப ஐயாகிட்ட போலாமாம்மா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றிச் செயலாளரிடம் கொடுத்தாள்.

உயரப்படி இல்லாமல், முன் பின் இல்லாமல், அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அந்தச் சின்னக் கதவுக்குள் நுழையப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது: "மெதுவா, மெதுவா. அவன் எங்கயும் ஓடிடப் போறதில்ல."

கூட்டம் மகளையும் சேர்த்து உள்ளே தள்ளிக்கொண்டு போனது. யாருடைய கம்பளியோ அவள் கன்னத்தில் உரசியது. அதில் விறகுப் புகை வாசம் அடித்தது.