எர்த்து குழி இருந்த இடம்

1

இந்தக் கதை எங்கள் போர்வெல் மோட்டார் எரிந்துபோன கோபத்தில் பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் ஒன்றும் இல்லை. மே மாதம் ஒரு சாயங்காலம் புதுச்சத்திரத்தில் கோடை மழை இடியோடு கொட்டியது. விட்டதும் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஓடவில்லை, ஸ்டார்ட்டர் பெட்டியில் கருகிய வாடை. அறுநூறு அடியிலிருந்து மோட்டாரைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சுற்றிய காயில் கம்பி கரியாகியிருந்தது. நான்கு நாள் லாரித் தண்ணீர்.

ஐந்தாம் நாள் எழுதிய தொடக்கம் இது:

"ஏமாற்றுக்காரர்களுக்கு நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தால் எவ்வளவு வசதி. அந்த எலக்ட்ரீஷியன்

(அதற்கு மேல் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் மீதி.)

2

எலக்ட்ரீஷியன் பெயர் ஜீவா. முப்பது வயதுக்குள் இருக்கும். ஜனவரியில் எங்கள் வீட்டில் சர்ஜ் புரொடெக்டர் மாட்டியவர். மின்னல் அடிக்கும்போது கம்பி வழியாக எகிறி வரும் கரண்டை மோட்டாருக்குப் போகவிடாமல் மண்ணுக்குள் தள்ளிவிடும் சின்னப் பெட்டி அது. தள்ளுவதற்கு வழி வேண்டுமே. வீட்டின் பின்புறம் குழாயடி அருகே எர்த்து குழி தோண்டி, கம்பியை இறக்கி, உப்பும் கரியும் போட்டு நிரப்பினார்.

"இந்தக் குழிய மட்டும் மூடீராதீங்க்கா. வாரத்துக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க. நேரா தலை மேல இடி உழுந்தா எதுவும் நிக்காதுங்க. கம்பியில வாரத இது பாத்துக்கும். எர்த்து இல்லீன்னா இது வெறும் டப்பாங்க."

("வெறும் டப்பா" அவருடைய சொல். பிறகு அதை நான் எடுத்துக்கொண்டேன்.)

3

ஜீவாவைக் கெட்டவராக்க நிறைய உழைத்தேன். ஒரு வரைவில் குடிக்க வைத்தேன். இன்னொன்றில் பாதி வேலையில் போன் பேசிக்கொண்டே போய்விடுகிறார். எதுவும் ஒட்டவில்லை. உண்மையான ஜீவா வேலை முடியும்வரை டீ கூடக் குடிக்கவில்லை. மாட்டிய ஒவ்வொரு கம்பியையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

மோட்டார் எரிந்த மறுநாள் நடந்ததை மட்டும் எல்லா வரைவிலும் ஒரே மாதிரி எழுதியிருந்தேன். ஜீவா வந்தார், பார்த்தார், பதில் சொல்ல முடியாமல் போனார். அக்கம்பக்கத்தார் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள், பக்கத்து வீட்டுத் தமிழ்ச்செல்வி உட்பட. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி நான் சொன்னேன்: "இவரு மாட்டுனது வெறும் டப்பாங்க."

தமிழ்ச்செல்வி அந்த வாரமே தன் வீட்டு வேலைக்கு ஜீவா வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு இன்னும் நான்கு வீடுகள். இப்போது அவர் ஆத்தூர்ப் பக்கம் யாரிடமோ கூலிக்குப் போகிறாராம். சொந்தத் தொழில் போயிற்று.

4

மேலே ஒரு வரியை விட்டுவிட்டேன். எல்லா வரைவிலும் விட்டேன். ஜீவா பதில் சொல்ல முடியாமல் போகவில்லை. என்னை ஒன்று கேட்டார்.

"எர்த்து குழி எங்கீங்க்கா?"

"அதெல்லாம் இருக்குது" என்றேன்.

அதன் மேலேதான் நின்றுகொண்டிருந்தேன்.

மார்ச்சில் மகள் நர்மதாவுக்கு நிச்சயதார்த்தம். பின்புறம் பந்தி போட வேண்டும், சேறாக இருக்கக் கூடாது என்று சிமெண்டுக் கல் பதித்தோம். காலைத் தடுக்கும் இந்தக் கம்பியை என்ன செய்ய என்று கொத்தனார் கேட்டார். வெட்டிவிடச் சொன்னது நான்தான். வெட்டிய இரண்டு முனையையும் கல்லுக்கு அடியில் செருகினார், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பந்தி நன்றாக நடந்தது, குழியை மறந்துபோனேன்.

ஜீவா கேட்ட நொடியில் நினைவு வந்தது. வந்த பிறகுதான் "இருக்குது" என்றேன், "வெறும் டப்பா" என்றும் சொன்னேன். அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "செரிங்க்கா" என்று வண்டியை எடுத்தார். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5

முடிவுகள் வைத்திருக்கிறேன். இடி நேராகத் தென்னைமேல் விழுந்தது, யார்மீதும் தப்பில்லை என்று முடிக்கலாம். (எங்கள் தென்னை நன்றாகக் காய்த்துக்கொண்டிருக்கிறது.) பெட்டியே பழுது, ஜீவாவும் பாவம் ஏமாந்தவர் என்றும் முடிக்கலாம். புது மோட்டார் இறக்க வந்தவர் பெட்டியைச் சோதித்து, நல்லாத்தான் இருக்குதுங்க என்று அந்த முடிவையும் கெடுத்துவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. "மறுநாள் காலை நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஐந்து வீடும் ஏறி"

இரண்டு முறை கேட்வரை போய்த் திரும்பிவிட்டேன். வாக்கியமும் அங்கேயே நிற்கிறது. குழியைத் திறந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்பதால் புது மோட்டாரும் எர்த்து இல்லாமல்தான் ஓடுகிறது. ஐப்பசி இடிக்கு இன்னும் மூன்று வாரம்.

6

என் கதைகளை அச்சுக்குப் போகும் முன் தமிழ்ச்செல்விதான் படிப்பார். பிழை இருந்தால் பென்சிலால் கோடு போட்டுத் தருவார். இதையும் இன்று காலை அவரிடம் கொடுக்கிறேன்.

தமிழ்ச்செல்வி, இந்த வரிவரை வந்துவிட்டீர்களா? பென்சிலைக் கீழே வையுங்கள். எங்கள் பின்கதவு திறந்துதான் இருக்கிறது. குழாயடியிலிருந்து நான்காவது கல். போன வாரம் இருட்டிய பிறகு நானே நெம்பிப் பார்த்து வைத்தது, சுலபமாக வந்துவிடும். வெட்டுப்பட்ட கம்பியின் இரண்டு முனையும் தெரியும். ஜீவாவின் நம்பர் உங்களிடம் இருக்கிறது.

நான் வீட்டில்தான் இருப்பேன்.