ஆறாவது மாடியிலிருந்து ஒரு புகார்

லிப்டை நாலு தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாயிற்று. லிப்டுப் பெட்டியின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் பார்த்தாயிற்று. ஒரு முனகல்கூட இல்லை. புகார்ச் சீட்டில் மட்டும் ‘ஆறாவது மாடி வரும்போது கடகடவென்று சத்தம்’ என்று எழுதியிருந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவையாம்.

மெக்கானிக்குக்கு எரிச்சலாக வந்தது. அவருடைய அக்கா குடியிருக்கும் கட்டடம் இது. இங்கே கால் வைக்கவே கூடாது என்று நாலு வருஷமாகக் கண்ணும் கருத்துமாக இருந்தவர். இங்கிருந்து சீட்டு வந்தால் படித்துக்கூடப் பார்க்காமல் இன்னொரு ஆள் தலையில் கட்டிவிடுவார். இன்று பார்த்து அந்த ஆளுக்குக் காய்ச்சல்.

புது வீட்டுக்கு வந்தபோது அக்கா அவரை நேரில் கூப்பிடவில்லை. யாரிடமோ சொல்லி அனுப்பினாள். கூடப் பிறந்தவனுக்கு ஆள் விட்டா சொல்வது? அவர் போகவில்லை. அந்த வாரமே, இனி நிம்மதியாக வாழ்வதென்று விதிகள் சிலவற்றை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். கூப்பிடாத இடத்துக்குப் போகாதே என்பது முதல் விதி. யாரிடமும் எதையும் எதிர்பார்க்காதே, முடிந்ததைக் கிளறாதே என்று இன்னும் சில. விதிகள் என்னவோ நன்றாகத்தான் வேலை செய்தன. சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை. பேச ஆளும் இல்லை. போன மாதம் மூன்று நாள் விடுமுறையில் வாயையே திறக்கவில்லை. நாலாம் நாள் பஸ்ஸில் டிக்கெட் கேட்டபோது குரல் வேறு யாருடையதோ போல் கரகரத்தது. இதற்குப் போய் நிம்மதி என்று பெயர் வைத்திருந்தார், பாவம்.

புகார் கொடுத்தவரின் கையெழுத்து இல்லாமல் சீட்டை முடிக்க முடியாது. சீட்டில் பெயர் இல்லை, வீட்டு எண்தான் இருந்தது. அக்காவின் வீட்டு எண் அவருக்குத் தெரியாது. வந்து போயிருந்தால்தானே தெரியும்! மணியை அடித்தார்.

கதவைத் திறந்தவள் அக்காதான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது.

“வந்துட்டியா?” என்றாள்.

“வேலையா வந்தேன்,” என்றார் அவசரமாக. “லிப்ட்ல ஒரு கோளாறும் இல்லக்கா. நல்லாத்தான் ஓடுது.”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு புகார்?”

“உங்க கம்பெனி லிப்டுதானே. என்னைக்காவது நீ வருவேன்னு பாத்தேன். ரெண்டு தடவையும் வேற யாரையோ அனுப்பிட்டாங்க.”

அனுப்பி வைத்த மகானுபாவர் தான்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

“ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

“மூத்தவ நான். நான் எப்படிடா முதல்ல பேசுறது?”

அவர் சீட்டை நீட்டினார். அக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள், எழுதவில்லை.

“கையெழுத்து போட்டா கிளம்பிடுவ.”

அவர் சீட்டைத் திரும்ப வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார்.

“எந்த இடத்துல சத்தம் வருதுன்னு காட்டுறியா?”

அக்கா கதவைச் சாத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். லிப்டுக்குள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கீழே போனார்கள், மேலே வந்தார்கள். ஆறாவது மாடியில் கதவு திறந்தது.

“இங்கதான்,” என்றாள் அக்கா.

“சரியா கேக்கலையே.”

அவர் மறுபடியும் தரைத்தளத்துக்கான பொத்தானை அழுத்தினார். இருவரும் தலையைச் சாய்த்துக்கொண்டு, இல்லாத சத்தத்தைக் கேட்டபடி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.