வலிக்கிறது என்று சொன்னவள்

"கமிட்டி முன்னால என்ன சொல்லப்போறே? அதை இங்கயே சொல்லிட்டுப் போ."

மாமியார் வாசற்கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மருமகள் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் காலாலேயே துழாவிக்கொண்டிருந்தாள். அவளால் குனிய முடியாது. வலது முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது.

"அவங்க கேக்கறதுக்குப் பதில் சொல்வேன், அத்தை."

"அவங்க கேக்கறது இருக்கட்டும். பதில் என்ன?"

சாப்பாட்டு மேசையில் கணவன் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கத்தை நெடுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தான். அவன் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறான். அங்கே சத்தம் கூடாது என்று பலகை மாட்டியிருக்கும். வீட்டில் பலகை இல்லாமலே அதை அனுசரித்தான்.

உள்ளறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மாமனார் இருந்தார்; ஊருக்கு அவர் மாஸ்டர். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குக் கால் நூற்றாண்டாக அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். ஒரு காலத்தில் அவர் அணி களத்தில் இறங்கினாலே எதிரணிக்குப் பாதி உயிர் போய்விடும். இப்போது சில வருடங்களாகத் தோல்விக்கு மேல் தோல்வி. அவரை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போடலாமா என்று முடிவு செய்யத்தான் அன்று மத்தியானம் கமிட்டி கூடுகிறது. மருமகள் அவருக்குத் துணைப் பயிற்சியாளர். அந்த முறையில் அவளையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இந்த வீடு அவரு வேலைக்காகக் குடுத்த வீடு. வேலை போனா வீடும் போச்சு. அதை மனசுல வச்சுக்கோ," என்றாள் மாமியார்.

"வச்சிருக்கேன், அத்தை."

"உன் கையில பந்தைக் குடுத்தது யாரு? கேப்டனாக்கினது யாரு? கோப்பையும் குடுத்து, அதுக்கு மேல புள்ளையையும் குடுத்தாரு மனுஷன்."

கொடுக்கப்பட்ட பிள்ளை இந்த இடத்தில் பேப்பரைப் புரட்டினான்.

இந்த முழங்காலையும் அவர்தான் கொடுத்தார் என்ற பேச்சு மருமகளின் நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கிவிட்டாள். செருப்பு அகப்பட்டது. மாமியார் கையை எடுக்க, அவள் வெளியே போனாள். வீட்டோடு வீடாக இத்தனை வருடம் மென்று விழுங்கியவளுக்கு இன்னும் ஒன்று பெரிய விஷயமில்லை.

அந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தின் நடுவே "வலிக்குது, முடியல" என்று சொல்லி வெளியே வருகிற பெண், பெஞ்சின் கடைசியில் போய் உட்கார வேண்டும். தலையில் ஒரு துண்டைப் போட்டு முகம் மறைத்துவிடுவார்கள். ஆட்டம் முடியும்வரை அவளோடு யாரும் பேசக்கூடாது. தண்ணீர் பாட்டிலைக்கூட அவள் பக்கம் நகர்த்தக்கூடாது. பெண்கள் இதற்கு வைத்திருந்த பெயர் முக்காடு.

ஆரம்ப காலத்தில் மாஸ்டர் ஏதோ ஆத்திரத்தில் ஒருத்தியின் மேல் தன் துண்டை விட்டெறிந்தார். தோற்றிருக்க வேண்டிய ஆட்டம். அன்றைக்கென்று ஜெயித்துத் தொலைத்தார்கள். அடுத்த ஆட்டத்திலும் எறிந்தார், மறுபடியும் ஜெயம். அதோடு அது சட்டமாகிவிட்டது. பெற்றவர்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்தார்கள். முக்காட்டில் உட்கார்ந்தவளே அடுத்த வருடம் சின்னவளைப் பார்த்துச் சிரித்தாள். துண்டு யாரையும் கடித்துவிடாது, உண்மைதான். ஆனால் ஒருமுறை அதற்கடியில் உட்கார்ந்தவள் மறுமுறை வாயைத் திறக்கமாட்டாள். எலும்பு விலகினாலும் ஓடுவாள்.

மருமகளும் அப்படித்தான் ஓடினாள். இறுதி ஆட்டத்தின் முதல் பாதியிலேயே முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. சொல்லவில்லை. கோப்பை இன்றைக்கும் கல்லூரி முன்கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் பளபளக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், துணைப் பயிற்சியாளரின் வேலைகளில் துண்டைப் போடுவதும் ஒன்று. மாஸ்டர் திரும்பிப் பார்க்காமல் விரலைச் சொடுக்குவார். இவள் எழுந்து போய்ப் போடுவாள். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அன்று சாப்பாடு இறங்காது. ஆனாலும் போட்டாள்.

போன வாரம் பயிற்சி முடிந்ததும் நெட்டை அவளை உடைமாற்றும் அறைக்கு இழுத்துப் போனாள். அணியின் இப்போதைய கேப்டன் அவள். வளர்த்திக்கு வைத்த பெயர் அது, சொந்தப் பெயரை அவள் அம்மாவே மறந்துவிட்டாளோ என்னவோ. அவள் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்தபோது முழங்கால் தொடைக்குச் சமமாக வீங்கியிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியல அக்கா. டாக்டர்கிட்ட போனா ஆடாதேன்னு சொல்லிடுவாரு. அதான் போகல."

"ஆடாதே. நான் மாஸ்டர்கிட்ட சொல்றேன்."

"ஐயோ, சொல்லிடாதீங்க! எங்க அப்பா எல்லா மேட்சுக்கும் வராரு. அவரு முன்னால துண்டு போட்டு உக்கார முடியாதுக்கா. செத்தாலும் முடியாது."

பத்தொன்பது வயதுப் பெண் செத்தாலும் என்று சொன்னது விளையாட்டுக்கில்லை. அதே வார்த்தையை ஒரு காலத்தில் தானும் சொல்லியிருப்பது மருமகளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், கமிட்டியில் உள்ளதை உள்ளபடி போட்டு உடைப்பது என்று. கேட்டால் பதறிப்போவார்கள் என்று அவள் மனசார நம்பினாள். படித்தவர்கள், பெண்ணைப் பெற்றவர்கள், பதறாமல் என்ன செய்வார்கள்?

கூட்ட அறையில் குளிர் அதிகமாக இருந்தது. நீள மேசையில் பிஸ்கட் தட்டுகள். நடுவில் கமிட்டித் தலைவர், ஊரில் பெரிய சிமெண்டு வியாபாரி. ஒரு பக்கம் கல்லூரி முதல்வர் அம்மா, மறுபக்கம் பழைய மாணவிகள் சங்கச் செயலாளர். செயலாளர் மாஸ்டரின் முதல் அணியில் ஆடியவள்.

"மறைக்காம சொல்லணும்மா," என்றார் தலைவர். "மாமனாராச்சேன்னு பாக்காதே. மாஸ்டருக்கு வயசாயிடுச்சு, ஆள் இளகிட்டாரு, பொண்ணுங்களை ஒரு வார்த்தை அதட்டறதில்லன்னு வெளியில பேச்சு. அதான் தோக்கறோம்கறாங்க. மாத்திடலாம்னுதான் எங்களுக்கும் யோசனை. நீ என்ன சொல்றே?"

மாத்திடலாம் என்ற சொல் மட்டும் அவள் காதில் விழுந்தது. அதற்கு முன்னால் சொன்னதை அவள் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. அங்கேதான் தப்புச் செய்தாள்.

"மாத்தணும், சார்," என்றாள். பிறகு நிறுத்தாமல் பேசினாள். துண்டைச் சொன்னாள். காய்ச்சலோடு ஆடி, முடியவில்லை என்று வெளியே வந்த முதல் வருடப் பெண் முக்காட்டுக்குள் அழுததைச் சொன்னாள். நெட்டையின் பெயரை மறைத்து, வீங்கின காலைச் சொன்னாள். கடைசியில் தன் காலைச் சொன்னாள். தலைவர் பிஸ்கட்டைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தார். செயலாளர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் மருமகளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

"இப்பவும் துண்டு போடறாரா?" என்று கேட்டாள் செயலாளர்.

"போன மாசம்கூட."

"முடியலன்னா கூட ஆட வைக்கறாரா?"

"யாருமே முடியலன்னு சொல்றதில்லம்மா. பயம்."

செயலாளர் தலைவரைப் பார்த்தாள். "கேக்கவே எவ்வளவு சந்தோஷமா இருக்கு பாருங்க! நான் மூணு தடவை முக்காடு போட்டவ சார். அன்னிக்கு அந்த மனுஷன் அப்படி இல்லன்னா இன்னிக்கு நான் இப்படி இல்ல."

"எல்லாரும் இளகிட்டாருன்னு சொன்னாங்களே," என்றார் தலைவர், ஏமாற்றப்பட்டவர்போல. "ஆள் அப்படியேதான் இருக்காரா?"

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யாராவது ஒருத்தர் பயம் காட்டணுமே," என்றார் முதல்வர் அம்மா. "வகுப்புல நம்மால முடியறதில்ல. மைதானத்துலயாவது நடக்கட்டும்."

மருமகள் அவசரமாகக் குறுக்கிட்டாள். "நான் மாத்தணும்னு சொன்னேன், சார். அவரையும் மாத்தணும், அந்த வழக்கத்தையும் எடுக்கணும். பொண்ணுங்க கால் போகுது."

"புரியுதும்மா, புரியுது," என்று தலைவர் சிரித்தார். "வீட்டுல மாமனாரு, இங்க மாஸ்டர். ரெண்டு இடத்துலயும் கண்டிப்புன்னா மருமகளுக்குக் கசக்கத்தானே செய்யும்."

மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். கையிலிருந்த பிஸ்கட்டைத் தலைவர் இப்போது கடித்தார். மாஸ்டருக்கு இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பு என்று முடிவானது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

வெளியே படிக்கட்டில் நெட்டை காத்திருந்தாள். மருமகள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"ரெண்டு வருஷம் நீட்டிச்சுட்டாங்க."

"அப்ப நாளன்னிக்கு மேட்ச்ல நான் ஆடணும்," என்றாள் நெட்டை. அழவில்லை. வீட்டுப்பாடம் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்குச் செய்தி முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. காலையில் கதவை மறித்த கை இப்போது டீயை நீட்டியது.

"செயலாளர் போன் பண்ணினா. நீ அவரோட கண்டிப்பைச் சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகையே வந்துடுச்சாம். உன் வார்த்தையை வச்சுத்தான் முடிவே பண்ணினாங்களாம்," என்றாள் மாமியார். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "காலையில நான் ஏதோ ஆத்திரத்துல பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே. வீட்டைக் காப்பாத்திட்டே."

மருமகளுக்குக் களைப்பாக இருந்தது. தானாக வந்த நல்ல பேரை வாங்கிக்கொண்டு பேசாமல் டீயைக் குடித்துவிடலாம். அது சுலபம்.

"நான் மாமாவை எடுத்துடச் சொன்னேன், அத்தை."

"என்னது?"

"எடுத்துடச் சொன்னேன். ஏன் எடுக்கணும்னு காரணம் சொன்னேன். அந்தக் காரணத்துக்காகவே வச்சுக்கிட்டாங்க."

கணவன் எழுந்து வந்தான். "இப்ப எதுக்கு அதெல்லாம்? நடந்தது நல்லதாத்தானே நடந்திருக்கு? அத்தோட விடேன்."

உள்ளறைக் கதவு திறந்தது. மாஸ்டர் நிலையைப் பிடித்து, நாற்காலி முதுகைப் பிடித்து, மேசை விளிம்பைப் பிடித்து வந்தார். மைதானத்தில் கம்பம்போல் நிற்பவர் வீட்டில் இப்படித்தான் நடமாடுகிறார். இடுப்பு அவரை ஒரு வருடமாகப் படுத்துகிறது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்வதில்லை, அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

"ரெண்டு வருஷமா?" என்று கேட்டார்.

"ஆமா, மாமா."

நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். உட்காரும்போது பல்லைக் கடித்துக்கொண்டார்.

"நீ சொன்னா எடுத்துடுவாங்கன்னு நம்பிட்டிருந்தேன்."

மாமியார் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "என்ன பேசறீங்க?"

"முடியல. ரெண்டாவது பாதியில கண்ணு இருட்டிட்டு வருது. ஸ்கோர் போர்டு தெரியல. யார் பந்தை வச்சிருக்காங்கன்னே தெரியாம கத்தறேன்."

"இத்தனை நாளா என்கிட்டகூட வாயைத் திறக்கலையே!"

மருமகளுக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. வந்த பரிதாபத்தின் மேலேயே எரிச்சலும் வந்தது. இவருக்கு மட்டும் ஏன் இரங்க வேண்டும் என்று தோன்றியது. ஆனாலும் கைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

"தலைவர் நம்பர் இருக்கு. முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மாமா. போதும். வீடு போனா போகட்டும், எங்கயாவது பாத்துக்கலாம்."

மாமியார் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. கணவன்கூட அப்பாவைப் பார்த்தான். மாஸ்டர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டவில்லை.

"சிரிப்பாங்க," என்றார்.

மருமகள் இன்னும் கொஞ்சநேரம் போனை நீட்டியபடி நின்றாள். பிறகு கையை இழுத்துக்கொண்டு, அங்கேயே நின்று, எல்லார் முன்னாலும் நெட்டையைக் கூப்பிட்டாள்.

"நான்தான். காலையில ரெடியா இரு, டாக்டர்கிட்ட போறோம்... இல்ல, நாளன்னிக்கு நீ ஆடலை. மைதானத்துப் பக்கமே வராதே... யாரும் துண்டு போட மாட்டாங்க. போடற ஆளு நான்தானே? நானும் வரல... அப்பாவா? குடு, நான் பேசறேன்."

நெட்டையின் அப்பாவிடம் முழங்காலைப் பற்றி எதையும் மழுப்பாமல் சொன்னாள். அவர் முதலில் கோபப்பட்டார், பிறகு எந்த டாக்டர் என்று கேட்டார். அவள் சொன்னாள். போனை வைத்தாள்.

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பு வலி மறந்துபோனதுபோல் முகம் மாறியிருந்தது; மைதானத்து முகம் அது.

"நாளன்னிக்கு மேட்ச்சும்மா," என்றார். "அவ இல்லாம எப்படி ஜெயிக்கறது?"

"தோத்துட்டுப் போவோம், மாமா."