இருபத்தாறு பூஜ்யம்

ஆஸ்பத்திரி வேலைக்கு மரியாதை ஆகாது என்று ஷ்ருதிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மும்பை மாட்டுங்காவில் வளர்ந்த பெண். யாருக்குப் போன் செய்தாலும் முதலில் "சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். அந்த நல்ல வளர்ப்புதான் இங்கே வினையாக முடிந்தது.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. உள்காதில் நீர் கோத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே உலகம் கிறுகிறுவென்று சுற்றும் வியாதிக்கு எந்த மருந்து மேல் என்று பார்ப்பது. பாதிப் பேருக்கு பீட்டாஹிஸ்டின், மீதிப் பேருக்கு நீர் பிரியும் மாத்திரை. வாரா வாரம் போன் செய்து, எத்தனை தடவை தலை சுற்றியது என்று கேட்டுக் கட்டத்தில் எண்ணைப் போட வேண்டும். மாதத்தில் நான்கைத் தாண்டினால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் காதுக்குள் ஊசி. தமிழ் நோயாளிகளைக் கூப்பிட்டுப் பேசுவது ஷ்ருதியின் பொறுப்பு.

தாராவியிலிருந்து வந்த பீவிக்குக் குலுக்கலில் பீட்டாஹிஸ்டின் விழுந்தது. அவளுக்கு இடது காது சின்ன வயதிலேயே சீழ் வடிந்து போய்விட்டது. வியாதி வந்ததோ மிச்சமிருந்த வலது காதில். முதல் நாளே ஒன்று சொன்னாள். "தலை சுத்துனா சுத்திட்டுப் போவட்டும். காது மட்டும் போயிரக் கூடாது. அவுக பேசுறது எனக்கு மட்டுந்தான் வெளங்கும்." ஷ்ருதிதான் அதை டாக்டர் சாதனாவுக்கு மராத்தியில் எடுத்துச் சொன்னாள்.

அவுக என்றது புருஷன் முகைதீனை. தோல் பை தைக்கும் பட்டறைக்காரர். பக்கவாதத்துக்குப் பிறகு நாக்குக் குழறி, பேச்சு வெறும் முனகலாகிவிட்டது. பெற்ற மகன் இஜாஸுக்கே புரியாது. பீவி அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டு, "வாருக்கு ரெட்டத் தையல் போடச் சொல்லுதாக" என்று கீழே பட்டறைக்குக் குரல் கொடுப்பாள். நான்கு வருஷமாக அவர் உலகத்தோடு பேசியது அந்த ஒரு காது வழியாகத்தான்.

"சௌக்கியமா ஆன்ட்டி?" என்றாள் ஷ்ருதி, முதல் வாரம்.

"அல்ஹம்துலில்லாஹ், சொகமா இருக்கேம்மா. நீ சாப்பிட்டியா?"

வாய் நிறைய இப்படிச் சொல்பவளிடம், எத்தனை தடவை தலை சுற்றி விழுந்தீர்கள் என்று எப்படிக் கேட்பது? ஷ்ருதி பூஜ்யம் போட்டாள். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில், அதே பூஜ்யம். மூன்றாம் மாதம் பீவி "என்னம்மா? சத்தமாச் சொல்லு" என்றபோது, சந்துக்குள் டவர் கிடைக்கவில்லை போலும் என்று போன் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே கத்திப் பேசினாள். இருபத்தாறு வாரம், இருபத்தாறு பூஜ்யம். பீட்டாஹிஸ்டின் இவ்வளவு நன்றாக வேறு யாருக்கும் கேட்கவில்லை என்று மீட்டிங்கில் பேசிக்கொண்டார்கள். ஷ்ருதிக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆறாம் மாதம் கேட்கும் திறன் சோதனைக்கு இஜாஸ் தாயைக் கைப்பிடித்து அழைத்துவந்தான். கண்ணாடி அறைக்குள் பீவி, சத்தம் கேட்டால் அழுத்த வேண்டிய பொத்தானை அழுத்தாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். தாளில் வலது காதின் கோடு அடிமட்டத்தில் கிடந்தது.

டாக்டர் இஜாஸிடம் விசாரித்தார். "வாரத்துல மூணு நாலு தடவ வரும். வாந்தி எடுத்துக்கிட்டு, தரையப் புடிச்சிக்கிட்டே கெடப்பாக," என்றான்.

டாக்டர் சாதனா ஷ்ருதியின் தாளைப் புரட்டினார். "முதல் மாதமே தெரிந்திருந்தால் ஊசிக்கு மாற்றியிருப்போம். அதுவும் காப்பாற்றியிருக்குமா என்று சொல்ல முடியாது," என்றார்.

டாக்டர் கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். ஷ்ருதிக்கு மனசு கேட்கவில்லை. இருபத்தாறு கட்டங்களையும் அடித்துவிட்டு, தான் விசாரிக்கவே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் தாராவிக்குப் போனாள்.

கீழே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரும்பு ஏணி ஏறினால் வீடு. பீவியின் காதோடு வாய் வைத்துக் கத்தினாள்: "ஏன் ஆன்ட்டி எங்கிட்ட சொல்லலை?"

பாதி காதில் விழுந்தது, பாதியைப் பீவி முகம் பார்த்துப் புரிந்துகொண்டாள். "சொகமான்னு கேட்டா சொகம்னுதானம்மா சொல்லணும்? நோவச் சொல்லிப் பொலம்புனா படைச்சவனுக்கு நன்றி கெட்டதனமால்லா போயிரும். தல சுத்துச்சான்னு நீ கேட்டுருந்தா சொல்லிருப்பேன்."

குரலில் துளிக் குற்றச்சாட்டு இல்லை. ஷ்ருதிக்கு அதுதான் தாங்கவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். உடைந்து அழுதாள்.

கட்டிலில் கிடந்த முகைதீன் அழுகிற பெண்ணைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி ஏதோ சொன்னார். பீவி ஓடிப்போய் அவர் வாயருகே காதை வைத்தாள். அவர் மறுபடி சொன்னார். அவள் இன்னும் குனிந்தாள், காது அவர் உதட்டில் பட்டது. போன வாரம் வரைக்கும் அரைகுறையாகவாவது விளங்கிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைக்க அவர் மூன்றாம் தடவையும் சொன்னார்.

பீவி நிமிர்ந்தாள்.

"ஏம்மா, ஒனக்கு நல்லாக் காது கேக்குமே. அவுக என்ன சொல்லுதாக?"

ஷ்ருதிக்கு ஒவ்வொரு சத்தமும் துல்லியமாகக் கேட்டிருந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. இல்லை என்று தலையாட்டினாள்.

முகைதீன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு தடவை வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.