வாதாம் மரத்தடியில் சாவி தேடியவள்

காருக்குள் கண்ணாடியில் தொங்கும், நடக்க முடியாதவர்கள் வாசலருகே கார் நிறுத்த அனுமதி தரும் அந்த நீல அட்டையை நாளைக் காலை திருப்பிக் கொடுக்கப் போகிறேன். என் மனைவி ஒதிலியா இறந்த வாரமே கொடுத்திருக்க வேண்டும். பத்து மாதமாகிவிட்டது. கொடுப்பதற்கு முன் இதை எழுதி வைக்கிறேன்.

அட்டையின் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு அவள் படம் இருக்கிறது. அந்தப் படத்துக்காக அவள் சிவப்பு உதட்டுச்சாயம் பூசி, பெரிய காதணி மாட்டிக்கொண்டு வந்தாள். அட்டை கொடுக்கும் அலுவலகத்தில் இருந்த பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம், "உக்காருங்க ஐயா, உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டாள். ஒதிலியா முந்திக்கொண்டாள். "இவருக்கு மூளையிலங்க. அதுக்கெல்லாம் அட்டை குடுக்க மாட்டீங்களே. நோயாளி நான்தான்." அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

நான் எங்கள் தீவின் அரெசிபோ ஊரில் இருபத்தெட்டு வருஷம் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவன். பெட்ரோல் போடுகிறவன் முதல் பல் பிடுங்குகிறவள் வரை ஊரில் பாதிப் பேருக்கு நான் இன்னமும் 'மிஸ்டர் கின்தானா'. தப்பைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு போகமாட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஒரு வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து மஞ்சள் காகிதத்தில் சீட்டு எழுத வைத்தேன். சக்கர நாற்காலிப் படம் போட்ட நீல இடத்தில் காரை நிறுத்திவிட்டுத் துள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கான சீட்டு. வாசகம் என்னுடையது: 'உங்கள் கால்கள் நன்றாக வேலை செய்கின்றன. வாழ்த்துகள்.' பிள்ளைகளுக்கு அது திருவிழா மாதிரி. ஊரில் இருக்கிற கடைகளின் வாசலுக்கெல்லாம் போய் கார்களின் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் செருகிவிட்டு ஓடி வருவார்கள். கார்க்காரர் யாராவது திரும்பி வந்து மாட்டிக்கொண்டால், "அஞ்சு நிமிஷம்தான் நிறுத்தினேன்" என்பார்கள். எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். அதை வகுப்பில் நடித்துக் காட்டிச் சிரிப்போம்.

அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒதிலியாவுக்கு நோய் வந்தது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இறுகிக்கொண்டே வருகிற நோய். உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. பேசுவாள், பாடுவாள், பக்கத்து வீட்டுக்காரியை வம்புக்கு இழுப்பாள். எழுந்து சமதரையில் நாற்பது அடி நடந்தால், தலையில் தண்ணீர்க் குடத்தோடு மூன்று மாடி ஏறியவள் போல நிற்பாள். அப்போது கன்னம் சிவக்கும். பார்ப்பவர்கள் அதை ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊரில் மருந்து வாங்கப் போவதற்கும் இஸ்திரி போட்ட சட்டையும் காதணியும் வாசனையும் வேண்டும். அலங்காரம் இல்லாமல் வெளியே வருகிறவள் ஒன்று நோயாளி, இல்லை புருஷனைப் பறிகொடுத்தவள். அப்படியென்றால் அலங்கரித்துக்கொண்டு வருகிறவளுக்கு நோய் இருக்க முடியாது. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எல்லோர் கண்ணிலும் இருந்தது, என் கண்ணிலும்.

சனிக்கிழமை அவளுடைய நாள். பெரிய பலசரக்குக் கடையின் ஓரத்தில் ரொட்டி விற்கிற பகுதியில் நான்கு சின்ன மேசைகள் உண்டு. அங்கே ப்ருனில்தாவும் இன்னும் இரண்டு தோழிகளும் காபியும் இனிப்புப் பாலாடைக்கட்டி சுருட்டிச் சுட்ட ரொட்டியுமாக ஒன்பது மணிக்கு உட்காருவார்கள். நோய் வந்த பிறகு கார் நிறுத்துமிடத்தைக் கடப்பதே பாடாகிவிட்டதால் அவள் போவது நின்றிருந்தது. அட்டை கைக்கு வந்த அன்று அதை விசிறி போல வீசிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள்.

"கிழவா, சனிக்கிழமை திரும்ப வந்துருச்சு!"

இரண்டு சனிக்கிழமைகள் நன்றாகப் போயின. வாசலுக்கு நேர் எதிரே நீல இடம், பதினைந்து அடி நடந்தால் கதவு. மூன்றாவது சனிக்கிழமை அவளை உள்ளே விட்டுவிட்டு, தண்ணீர் பாட்டில்களைக் காரில் வைக்க வந்தேன். துடைப்பானுக்கு அடியில் மஞ்சள் காகிதம். என் வாசகம். ஓர் எழுத்து மாறவில்லை. கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'அட்டை யாருடையது, செத்துப்போன பாட்டியுடையதா?'

வாசல் காவலாளி எலியுத் என் பழைய மாணவன். அவனைக் கூப்பிட்டேன். படித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மிஸ்டர்! இது நம்ம கிளாஸ்ல எழுதினதாச்சே! எனக்குக் கையே வீங்கிப்போச்சே அப்போ!"

"யாரு வெச்சதுன்னு கேட்டேன்."

"நம்ம வகுப்புப் பொண்ணுதான் ஒருத்தி. பேரு கேக்காதீங்க. உங்க காருன்னு அவளுக்குத் தெரியாது மிஸ்டர், சத்தியமா." குரலைத் தாழ்த்தினான். "அம்மா இறங்கிப் போறதப் பாத்திருக்கா. கோவிச்சுக்காதீங்க, அம்மாவப் பாத்தா கல்யாண வீட்டுக்குப் போற மாதிரில்ல இருக்கு."

என் மனைவியின் இதயம் நாளுக்கு நாள் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அவன் நல்ல பையன். புரிந்துகொண்டிருப்பான். அந்தப் பெண்ணிடமும் போய்ச் சொல்லியிருப்பான். பக்கத்தில் இரண்டு பேர் வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். என் முகம் எரிந்தது.

"அஞ்சு நிமிஷம்தான் நிறுத்தினேன்" என்றேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. காரை எடுத்து நிறுத்துமிடத்தின் கடைசி வரிசையில், வேலியோரம் கொண்டுபோய் விட்டேன். வீடு திரும்ப வெளியே வந்தபோது ஒதிலியா கண்ணை இடுக்கிக்கொண்டு அவ்வளவு தூரத்தையும் பார்த்தாள். நான் சீட்டைக் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"நல்ல வாசகம். எழுதினவனுக்கு நடக்கத் தெரியும்போல" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அவள் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தபோது நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதனால் மழுப்பாமல் எழுதுகிறேன்.

"ஒதி, இந்தச் சாயம், காதணி எல்லாம் இல்லாம வந்தா என்ன? பாக்குறவங்களுக்கும் கொஞ்சம் புரியும்ல."

"என்ன புரியும்?"

"உனக்கு முடியலன்னு."

கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நொண்டிக்கிட்டு வரட்டுமா? எந்தக் காலுன்னு சொல்லு. நடுவுல மாத்தி நொண்டிட்டா மாட்டிக்குவோம்."

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் நான் பண்றேனா?" என்றாள்.

ஆனால் செய்தாள். முகம் கழுவித் துடைத்தாள். முடியை ரப்பர் வளையத்தில் முடிந்தாள். துணி துவைக்கும்போது போடுகிற சாயம் போன கவுன், வீட்டுச் செருப்பு. நீல இடத்தில் நிறுத்தினோம். எலியுத் பார்த்தான், இந்த முறை அவன் முகத்தில் இரக்கம் இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன், மிகவும் நிம்மதியாக இருந்தது.

ரொட்டிப் பகுதியில் ப்ருனில்தா அவளைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"ஐயோ மாதாவே! ஒதிலியா! என்னடி இது, சவப்பெட்டியிலருந்து எந்திரிச்சு வந்த மாதிரி! டாக்டர் கைவிட்டுட்டாரா?"

அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ப்ருனில்தா கெட்டவள் இல்லை, பயத்தில் கத்திவிட்டாள். ஒதிலியா உட்காரவில்லை. காபி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வெளியே வந்து காரில் ஏறிக்கொண்டாள். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாள்: "இனிமே கடைசி வரிசையிலயே நிறுத்து. நான் நல்லா உடுத்திக்கிட்டு நடந்தே வர்றேன்."

நான் மறுத்திருக்க வேண்டும். "அட்டை உன்னோடது, இடம் உன்னோடது, பாக்குறவன் பாத்துட்டுப் போகட்டும்" என்று சொல்லியிருக்க வேண்டும். "சரி, உன் இஷ்டம்" என்றேன்.

கடைசி வரிசைக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு வாதாம் மரம் இருக்கிறது. அவள் அதுவரைக்கும் ஒரே மூச்சில் வருவாள். மரத்தடியில் நின்று கைப்பையைத் திறந்து தேடுவாள்.

"என்ன தேடுற?"

"சாவி."

சாவி என் கையில் இருக்கும். வீட்டுச் சாவியும் கார்ச் சாவியும் ஒரே வளையத்தில் என் விரலில் தொங்கிக்கொண்டிருக்கும். அவளுக்கும் அது தெரியும். கை பைக்குள் துழாவும், கண் மட்டும் பைக்குள் பார்க்காது. தோள்கள் ஏறி ஏறி இறங்கும். நான் கொஞ்சம் தள்ளி நின்று வானத்தைப் பார்ப்பேன். யாராவது அறிந்தவர்கள் கடந்துபோனால், "இவளும் இவ சாவியும்!" என்று சிரிப்பேன். அவளும் சிரிக்க முயற்சி செய்வாள். அதற்கு மூச்சு போதாது.

ஒவ்வொரு வாரமும் சாவி தேடும் நேரம் நீண்டுகொண்டே போனது. மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு சனிக்கிழமை கட்டிலில் உட்கார்ந்தபடி, "என்னென்ன வேணும்னு எழுதித் தர்றேன், நீயே போய் வாங்கிட்டு வந்துடு" என்றாள். உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். காதணியும் போட்டிருந்தாள். கிளம்பித் தயாரானவள், கதவு வரைக்கும் வந்து திரும்பியிருக்கிறாள். நான் பட்டியலை வாங்கிக்கொண்டு போனேன். அதன் பிறகு அவள் அங்கே போகவே இல்லை. பிப்ரவரியில் இறந்தாள்.

அந்த நடையால் அவள் சாகவில்லை என்று டாக்டர் சொன்னார். "எப்படியும் வந்திருக்கும் மிஸ்டர் கின்தானா, நீங்க மனசப் போட்டு உழப்பிக்காதீங்க." அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அவள் சாவை நான் என் மேல் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு மிச்சமிருந்த சனிக்கிழமைகளைத்தான் சொல்கிறேன். அவற்றை நோய் எடுக்கவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை. அவளில்லாத முதல் டிசம்பர். கடை ஒலிபெருக்கியில் கிறிஸ்துமஸ் பாட்டு. வாசல் எதிரே இருக்கிற இரண்டு நீல இடங்களில் ஒன்றில், கப்பலில் வந்த கிறிஸ்துமஸ் மரங்களைக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார்கள். இன்னொன்றில் நான் காரை நிறுத்தினேன். தனியாக. அவள் அட்டையோடு. பத்து மாதத்தில் அதுதான் முதல் முறை.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், யாராவது என்னைத் திட்ட வேண்டும் என்றுதான். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது வந்து மஞ்சள் சீட்டை மூஞ்சியில் எறியட்டும், 'அட்டை யாருடையது' என்று கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

எலியுத் ஓடிவந்தான். "இப்பத்தான் மிஸ்டர் உங்களுக்குப் புத்தி வந்திருக்கு! இந்த வயசுல கடைசி வரிசையிலருந்து நடக்கணுமா என்ன? உக்காருங்க, வண்டி நான் தள்ளிட்டு வர்றேன்." ஒரு பெண் என் நரைத்த தலையைப் பார்த்து, "கடவுள் துணை தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் அட்டையில் இருக்கும் படத்தைப் பார்க்கவில்லை.

அப்போது ஒரு சிவப்புக் கார் மெதுவாக வந்து என் முன்னால் நின்றது. உள்ளே முப்பது வயதிருக்கும் ஒரு பெண். மரக்கட்டுகளைப் பார்த்தாள், என் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மரியாதையாகத் தலையசைத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனாள். அவள் காரிலும் ஒரு நீல அட்டை தொங்கியது. அவள் கடந்த பிறகுதான் அது என் மனதில் பட்டது.

திரும்பிப் பார்த்தேன். இஸ்திரி போட்ட மஞ்சள் சட்டை, பெரிய காதணி, நேரான நடை. வாதாம் மரம் வரைக்கும் வந்தாள். நின்றாள். கைப்பையைத் திறந்து தேட ஆரம்பித்தாள்.

நான் இறங்கி நடந்தேன். கிட்டே போனதும் அவள் தோள்கள் ஏறி இறங்குவது தெரிந்தது.

"சாவியா தேடுறீங்க?"

"ஆமாங்க... எங்கயோ..." கார்ச் சாவி அவள் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவருமே அதைப் பார்க்காதது போல நின்றோம்.

"அந்த நீல இடத்துல நிக்கிற கார் என்னோடது."

"பாத்தேன்... பரவால்ல... பெரியவங்க..."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அட்டை என் மனைவியோடது. அவ பிப்ரவரியிலயே போயிட்டா."

அவள் தேடுவதை நிறுத்தினாள். தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தாள், காலில் கொஞ்ச நேரம் நின்றது பார்வை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பல வருஷம் அது என்னுடையதாக இருந்தது. அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் முதலில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான் வானத்தைப் பார்க்காமல் அவள் எதிரிலேயே நின்றேன்.

"எடுங்க" என்றாள். இன்னொரு மூச்சு. "காரை."

அவளிடம் இருந்த மூச்சுக்கு அவ்வளவுதான் முடிந்தது. எனக்கு அது போதும்.

ஓடினேன். எலியுத் பின்னாலிருந்து கத்தினான்: "மிஸ்டர், எதுக்கு ஓடறீங்க? விழுந்து வெக்கப் போறீங்க!"

நான் விழவில்லை. என் கால்கள் நன்றாகத்தான் வேலை செய்கின்றன.